நாலுக்கு ஒரு மிடறு, சிக்ஸருக்கு இரண்டு

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தர்ஷிகா வந்திருந்தாள். வங்கியில் வேலை. சனி, ஞாயிறுகளில் மைதானம். மாவட்டப் பெண்கள் அணியில் அவள்தான் விக்கெட் காப்பாளர்.

கையில் போன். ஒருநாள் கிரிக்கெட்டில் ஒரே ஆட்டத்தில் அதிக ஓட்டம் எடுத்தவர்களின் பட்டியலை என் கணவருக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். முதலிடத்தில் இருநூற்று அறுபத்துநான்கு. அதற்குக் கீழே வரிசையாக இருநூறுகள்.

“நூற்றெண்பத்தொன்பது எங்கே இருக்கு, பார்” என்றேன்.

அவள் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. “இருக்கு அன்ரி. எண்பத்துநாலாம் ஆண்டு. இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

எனக்குக் கிரிக்கெட் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது மலையகத்தில், தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு லொறியில் ஏறினார்கள். இறங்கிய இடம் செட்டிகுளம். காடு வெட்டி, கொட்டில் போட்டு, கச்சான்கடலை விதைத்து... அங்கிருந்து பள்ளிக்கூடம் போய், படித்து முடித்து, துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன்.

அந்த ஊரில்தான் யோகனைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து குடியேறிய குடும்பம். மூன்று ஏக்கர் வயல், மேட்டுக்காணி, தகரக் கூரை போட்ட வீடு. தாய் இல்லை. தகப்பன் மட்டும்.

எண்பத்துநாலாம் ஆண்டுத் தைப்பொங்கல் கழிந்து எங்கள் கலியாணம். தகப்பன் வந்தார். நின்றார். போனார்.

நான் அந்த வீட்டுக்குப் போன மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்பக்கத் தாழ்வாரத்தில் மூன்று கற்களை வைத்து மாமா தனக்கென்று ஒரு அடுப்பு மூட்டினார். தன் அரிசியைத் தானே போட்டார். கிணற்றில் தன் செம்பைத் தானே நிரப்பினார். தேத்தண்ணிக்கு மட்டும் இரண்டு காணி தள்ளியிருந்த தன் தமக்கையின் வீட்டுக்குப் போவார். அந்தப் பெரியமாமி தரும் தேத்தண்ணிதான் அவருக்குத் தேத்தண்ணி.

திட்டினாரா என்றால், இல்லை. தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களை இழிவாக வழக்கமாகச் சொல்கிற அந்தச் சொல்லை என் முன்னால் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமலே சொல்லத் தெரிந்த மனிதர்.

என்னோடு கதைக்கவும் மாட்டார். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் மாட்டைப் பார்த்துச் சொல்வார். “உனக்கு இண்டைக்குத் தண்ணி வைக்க ஆளில்லைப்போல” என்பார். மாடு திரும்பிப் பார்க்கும். நான் போய்த் தண்ணீர் வைப்பேன்.

அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஒரு றேடியோ. இளமையில் யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு விளையாடியவர். வயலுக்கு வந்த பிறகு மட்டை போய்விட்டது. காது மட்டும் மிச்சம். தகரக் கூரைக்குக் கீழே சிற்றலை இழுக்காது என்பதால் முற்றத்து முருங்கையில் ஒரு கம்பி கட்டி, மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் றேடியோவை வைத்திருப்பார். ஆட்டம் நடக்கும் நாட்களில் கதிரையைக் கொண்டுபோய் அருகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்போது மாட்டோடுகூடக் கதைக்கமாட்டார்.

அந்த மே மாதக் கடைசியில் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. ஊரெல்லாம் மலேரியா. மாமாவையும் பிடித்தது.

முதல் இரண்டு நாளும் யோகன் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் குளிசை உள்ளே நிற்கவில்லை. எல்லாம் வாந்தி. கண் மஞ்சள். சிறுநீர் குறைந்துவிட்டது. டிஸ்பென்சரிக்காரர் வந்து பார்த்தார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. வாகனம் வரும்வரைக்கும் குடிக்கக் குடுத்துக்கொண்டே இருங்கோ. இளநீர், உப்புச் சீனித் தண்ணி... என்னவெண்டாலும் சரி. தண்ணி நிண்டால் கிட்னி நிண்டிடும்.”

யோகன் ட்ராக்டர் தேடிச் சைக்கிளில் புறப்பட்டார். பொழுது சாய்ந்த பிறகு இராணுவத்துக்குப் பயந்து தெருவில் வாகனம் இறக்க ஆட்கள் யோசித்த காலம் அது. எத்தனை வீடு ஏறி இறங்கவேண்டி வரும் என்று தெரியாது. பெரியமாமியோ மகளின் பிரசவத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார்.

ஆக, வீட்டில் மாமா. நான். ஒரு செம்புத் தண்ணீர்.

“மாமா, கொஞ்சம் குடியுங்கோ.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

“இளநீர் வெட்டியிருக்கிறன். ஒரு வாய்.”

“யோகன் வரட்டும்.” அதுவும் சுவருக்குத்தான்.

யோகன் எப்போது வருவார்? எனக்குத் தெரியாது. சுவருக்கும் தெரியாது. நான் குசினிக்குள் போய் நின்று கொஞ்சம் அழுதேன். சாகும் நிலையிலும் ஒரு மனிதருக்கு என் கைத்தண்ணீர் வேண்டாம் என்றால்... பிறகு நான் அந்த வீட்டில் யார்?

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது முற்றத்து றேடியோ கண்ணில் பட்டது. அன்றைக்கு ஒரு ஆட்டம் என்று காலையில் குளிர் நடுக்கத்துக்கு நடுவிலும் யோகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும். ஏதாவது சத்தம் கேட்டால் மனம் ஆறுவார் என்று நினைத்து, போய்க் குமிழைத் திருகினேன். லண்டனில் இருந்து யாரோ பேசினார்கள். அறைக்குள் கேட்கும் அளவுக்குச் சத்தம் இல்லை. ஒரு இரைச்சல் மட்டும் போயிருக்கும்.

உள்ளே இருந்து குரல் வந்தது. “எத்தனை?”

குமிழில் கை வைத்தபடி வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஸ்கோர் எத்தனை?”

யாரைக் கேட்டார்? மாடு பட்டியில் நின்றது. வீட்டில் வேறு ஆள் இல்லை. ஐந்து மாதத்தில் அந்த மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

றேடியோவில் காதை வைத்துக் கேட்டேன். புத்தகத்தில் இங்கிலீஷ் படித்தவளுக்கு அந்த வெள்ளைக்காரர்கள் வாய்க்குள்ளேயே பேசுவது பாதிதான் விளங்கியது. ஆனாலும் எண் எண்தானே. பிடித்துக்கொண்டேன். செம்பையும் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

“ஒரு மிடறு குடியுங்கோ மாமா. சொல்லுறன்.”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்தார். காய்ச்சலில் சிவந்த கண். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. நான் போகவில்லை.

முற்றத்தில் திடீரென்று ஆயிரம் பேர் கத்தும் சத்தம். றேடியோவில்தான்.

அவருடைய கண் ஒருமுறை வாசலுக்கு வெளியே போய் வந்தது.

“கொண்டா” என்றார்.

படுத்திருந்தவரால் எழும்ப முடியவில்லை. பிடரியில் கைகொடுத்துத் தூக்கினேன். உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. ஒரு மிடறு. தொண்டைக்குள் இறங்குவதைப் பார்த்தேன். பிறகு சொன்னேன் — மேற்கிந்தியத் தீவுகளுக்கு நான்கு விக்கெட் போய்விட்டது.

“நாலா? அவன் நிக்கிறானா?”

யார் அந்த ‘அவன்’? பெயரை அவர் சொன்னார். றேடியோவிலும் அடிக்கடி அதே பெயர்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் நிற்கிறார் என்று தெரிந்தது.

“நிக்கிறார் மாமா.”

“அப்ப சரி.” கண்ணை மூடினார். கொஞ்சம் கழித்து, மூடிய கண்ணோடே பேரம் பேசினார். “நாலுக்கு ஒரு மிடறு. சிக்ஸருக்கு ரெண்டு. ஒற்றை ஓட்டத்துக்கு ஒண்டுமில்லை.”

நெல் வியாபாரியோடு விலை பேசுகிற அதே குரல். ஒப்புக்கொண்டேன்.

இனி நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஓடினேன். முருங்கைக்கும் அறைக்கும் நடுவில் ஓடினேன். காதை வைப்பேன், ‘ஃபோர்’ என்று கேட்டதும் உள்ளே ஓடுவேன். பிடரியைத் தூக்குவேன், குடிப்பார். திரும்ப ஓடுவேன். வாந்தி வந்தது; துடைத்தேன். மறுபடி நாலு. மறுபடி மிடறு. கொஞ்ச நேரத்தில் வாந்தி நின்றது.

ஆனால் ஒருபக்கம் அந்த மனிதர் அடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் மற்றவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நூற்றியிரண்டுக்கு ஏழு. பிறகு எட்டாவது விக்கெட்டுக்கு ஒருவர் கொஞ்சம் தாக்குப்பிடித்தார். அவரும் போனார். நூற்றறுபத்தாறுக்கு ஒன்பது.

“ஒன்பது போட்டுது மாமா.”

அவர் கையை நெஞ்சில் போட்டார். “முடிஞ்சுது. கடைசியா வாறவன் பந்து போடுற ஆள். அவனுக்கு மட்டை பிடிக்க வராது. ஒரு ஓவர் நிக்கமாட்டான்.”

செம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. இரண்டு இளநீர் சீவியபடி கிடந்தது. ட்ராக்டர் சத்தம் எங்குமே இல்லை.

பத்தாவது விக்கெட் விழுந்தால் ஆட்டம் முடியும். ஆட்டம் முடிந்தால் மாமா குடிக்கமாட்டார். கிரிக்கெட் பற்றி எனக்கு விளங்கியது அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் கடைசி ஆளின் விக்கெட் என்னைப்போல முக்கியமாக இருந்திருக்காது. அவருடைய அம்மாவுக்குக்கூட.

முருங்கை மரத்தடியில் முழந்தாளிட்டு இருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் மூச்சைப் பிடித்தேன். நின்றார். அடுத்த பந்து. நின்றார். அடித்தவர் அடித்துக்கொண்டிருந்தார். நின்றவர் நின்றுகொண்டிருந்தார்.

“நிக்கிறானோ?” உள்ளிருந்து கேட்டார்.

“நிக்கிறாருங்க மாமா.” பயத்தில் என் பேச்சு தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டது. ஐந்து மாதமாகக் கவனமாகச் சொல்லிப் பழகிய ‘ஓம்’, ‘குடியுங்கோ’ எல்லாம் எங்கேயோ விழுந்துவிட்டன. “நாலுங்க மாமா. குடிங்க.”

குடித்தார். பேச்சைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“பழைய ரெக்கோர்ட் நூற்றெழுபத்தஞ்சு” என்றார். “போன வருசம் உலகக் கிண்ணத்தில. இந்தியாக் கப்டன் அடிச்சது. இவன் அதைத் தாண்டுவான்போல கிடக்கு. மற்றவன் மட்டும் நிண்டு குடுத்தால்...”

பொழுது சாயத் தொடங்கியதும் றேடியோ காலை வாரியது. சிற்றலை அப்படித்தான். குரல் வரும், பிறகு காற்றோடு போய்விடும். பற்றரியும் களைத்திருக்கவேண்டும். குமிழைத் திருகினேன், கம்பியை ஆட்டினேன், றேடியோவைத் தூக்கித் தோளில் வைத்தேன். ஒரே இரைச்சல்.

உள்ளே அவர் காத்திருந்தார். வாய் உலர்ந்து, உதடு வெடித்து. ஆனால் நாலு இல்லாமல் மிடறு இல்லை. பேரம் பேரம்தான்.

நான் அறைக்குள் போனேன்.

“நாலுங்க மாமா” என்றேன்.

எந்தப் பக்கம் போனது, யார் போட்ட பந்து — ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. வாயைத் திறந்தார்.

அடுத்த முறை றேடியோவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஏதோ ஒரு நேர்மைக்காக. “சிக்ஸருங்க.”

இரண்டு மிடறு.

இப்படியே போனது. இடைக்கிடை குரல் திரும்பி வந்தது. வந்தபோதெல்லாம் அந்த மனிதர் உண்மையாகவே அடித்துக்கொண்டிருந்தார். குரல் போனபோது நான் அடித்தேன். எனக்குப் பந்துவீசுவது சுலபம் என்று எவருக்கும் அன்று தோன்றியிருக்காது. முதல் இளநீர் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. செம்பை மறுபடி நிரப்பினேன். விளக்குக் கொளுத்தி வைத்துவிட்டு வந்தபோது அவருடைய நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. சிறுநீர் போகவேண்டும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு யாராவது சந்தோசப்பட்டதுண்டா? நான் பட்டேன்.

படுத்துக்கொண்டே விரலில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“பிழையில்லையே?” என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். “இருநூறு தாண்டிட்டான்.”

இவர் ஒவ்வொன்றையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என் கவலை மிடறுக்கணக்கு. அவருடையது ஓட்டக்கணக்கு.

“ஒரு நாள் ஆட்டத்தில இருநூறு... மனுசனால ஏலுமா அது?” காய்ச்சல் கண்ணில் கண்ணீர். “நான் உயிரோட இருக்கேக்க அடிச்சிட்டான்.”

வெளியே போய் றேடியோவை எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பாவி றேடியோ அந்த நிமிடம் பார்த்துத் தெளிவாகப் பேசியது. மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டம் முடிந்திருந்தது. நூற்றெண்பத்தொன்பது, ஆட்டமிழக்கவில்லை. உலக சாதனை. மற்ற முனையில் நின்ற அந்தக் கடைசி ஆள் பன்னிரண்டு. அவரும் ஆட்டமிழக்கவில்லை. இரண்டு பேருமாகக் கடைசி விக்கெட்டுக்கு நூற்றியாறு ஓட்டங்களைச் சேர்த்திருந்தார்கள்.

உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறக்கும்போது வாய்க்கால் கரையில் ட்ராக்டர் வெளிச்சம் தெரிந்தது.

ட்ராக்டர்ப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவரை ஏற்றினோம். ஏறும்போதே யோகனிடம் சொன்னார், “இருநூறு தாண்டிட்டானடா.” ட்ராக்டர்காரரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். அவரிடமும். “ஐயா காய்ச்சலில அலட்டுறார்” என்று வாத்தியார் என்னிடம் மெதுவாகச் சொன்னார். மாமாவுக்குக் கேட்டுவிட்டது. “அலட்டேல்லை. என்ர மருமகள் றேடியோவில கேட்டுச் சொன்னவா. அவவைக் கேளுங்கோ.”

மருமகள். ‘அவள்’ அல்ல, ‘அவா’.

அந்த இரண்டு சொல்லுக்காக ஐந்து மாதம் காத்திருந்தவள் நான். அது கிடைத்த நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமென்றும் எடுக்கலாம், இல்லையென்றும் எடுக்கலாம் — அப்படி ஒரு தலையாட்டல்.

டாக்டர் யோகனிடம் சொன்னாராம், உடம்பில் தண்ணீர் இருந்தபடியால்தான் தப்பினார் என்று. சேலைன் ஏறியது. குளிசை உள்ளே நின்றது. அந்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

சாதனைப் பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு குறை தோன்றும். யார் அடித்தார், எங்கே அடித்தார், எதிரணி எது... எல்லாம் இருக்கும். எங்கேயோ ஒரு முற்றத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் என்ன நடந்தது என்று யார் எழுதுவது? எழுத ஒரு கட்டம் போதாதுதான்.

வீட்டுக்கு வந்த மாமா நேரே தாழ்வாரத்துக்குப் போனார். மூன்று கற்களையும் சரிபார்த்தார். அடுப்பை மூட்டினார். தன் பானையில் உலை வைத்தார். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் ஒரே மாலையில் மாறிவிடுவார்கள் என்று நம்பும் வயதுதான் எனக்கு. மனம் விழுந்துபோனது.

அந்த நேரம் பார்த்து யோகன் கடையிலிருந்து வந்தார். கையில் பத்திரிகை. சனங்கள் வாசித்து முடித்த, சில நாள் பழைய பத்திரிகை. எங்கள் பக்கத்துக்கு அப்படித்தான் வரும். மாமா அதை வாங்கிக்கொண்டு, அடுப்படியிலேயே குந்தி, கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

நான் உள்ளே போய்விட்டேன். அரிசியைக் களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன். இப்போது அவருக்குத் தெரிந்திருக்கும். வாத்தியார் முன்னால், ட்ராக்டர்காரர் முன்னால், ஊர் முன்னால் அவரை நான் பைத்தியக்காரன் ஆக்கியதும் தெரிந்திருக்கும். என் கையால் குடித்தது தண்ணீர் மட்டும் அல்ல என்றும்.

நேரம் போனது. கடதாசி மடிக்கும் சத்தம் கேட்டது.

“பிள்ளை.”

யாரையோ என்று நினைத்து நின்றேன்.

“பிள்ளை, இஞ்ச வா.”

போனேன். மடித்த பத்திரிகை அவர் மடியில் இருந்தது. உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நூற்றெண்பத்தொன்பது எண்டு போட்டிருக்கிறாங்கள்.”

“மாமா... நான் வந்து...”

“பேப்பரில பிழை விட்டிட்டாங்கள்” என்றார்.

பிறகு கொள்ளிக்கட்டையை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். “எனக்கு அரிசி போடேல்லை. உங்கட பானையில சேர்த்துப் போடுங்கோ.”

நான் மறுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் கிரிக்கெட் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.